குளிரக் குளிர ஒரு பெண்ணழைப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் ஆரணியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் அக்காவின் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

எங்கள் அப்பா பட்டு நெசவு செய்பவர். அம்மாவும் அக்காவும் தெருக்கோடியில் இருக்கும் நூல் சுற்றும் கூடத்தில் வேலை பார்த்தார்கள். நான் ஒருத்திதான் படித்தேன். எங்கள் பரம்பரையிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை யாராவது கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பிறகு ஒரு பழைய கார் வாங்கினேன். பன்னிரண்டு வயது வண்டி. எங்கள் சொந்தபந்தத்தில் கார் வைத்திருக்கும் முதல் ஆளும் நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டு நூல் சுற்றும் இடத்தில் யாரும் மின்விசிறி போட மாட்டார்கள். காற்று பட்டால் இழை பறக்கும், சிக்கு விழும், அறுந்துபோகும். உள்ளே பறக்கும் பஞ்சையும் தூசியையும் வெளியே தள்ளுவதற்காகச் சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடும். அந்தப் புழுக்கத்தில்தான் என் அக்கா பத்தாம் வகுப்புப் பாதியில் போய் உட்கார்ந்தாள். நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை வீடு போளூர். கல்யாண மண்டபமும் அங்கேதான். முதல் நாள் சாயங்காலம் பெண்ணழைப்பு, அதோடு வரவேற்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்கள்தான் வண்டி அனுப்பிப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளையின் அண்ணன் புதிதாக ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். அதை அனுப்புவதாகப் போனில் சொன்னார்.

"வேணாங்க, எங்க அக்கா எங்க வண்டியிலதான் வருவா" என்று நான் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "வரட்டும்மா, தப்பில்ல. ஏசி கீதா? இல்ல ஜன்னல தொறந்தா ஏசி, மூடுனா ஹீட்டரா?"

"கீதுங்க. ஜில்லுனு கீது" என்றேன்.

அது பச்சைப் பொய். என் வண்டியின் ஏசியைப் போட்டால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஒரு காற்று வரும். இத்தனை நாள் நான் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கல்யாணப் பெண்ணை அப்படிக் கொண்டுபோக முடியாது. ஆரணியிலேயே அலங்காரம் முடித்து, நேராகப் போய் மேடையில் நிற்க வேண்டும். அலங்காரம் செய்ய வந்து பேசிய பெண் முன்கூட்டியே கையை விரித்துவிட்டாள். "ஏசி இல்லாத வண்டின்னா நான் பொறுப்பில்லீங்க. களம்பூர் தாண்டறதுக்குள்ள மை கன்னத்துக்கு வந்துடும்."

அவர்களுடைய காரையே வரச் சொல்லிவிடலாம் என்று அம்மா சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அத்தனை வருடம் விசிறியில்லாமல் உட்கார்ந்திருந்தவளை நான்தான், என் வண்டியில்தான், குளிரக் குளிரக் கொண்டுபோக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, களம்பூர்வரை ஒரு ஒத்திகை பார்த்தோம். வண்டி ஓடும்போது லேசாக ஒரு குளிர்ச்சி வந்தது. "பரவால்லடி" என்றாள் அக்கா. களம்பூரில் ஓர் அரிசி ஆலை முன்னால் நெல் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து உள்ளே போவதற்காகச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நாங்களும் நின்றோம். அவ்வளவுதான், ஏசி காற்று சூடாகிவிட்டது. அக்கா தாங்க முடியாமல் கண்ணாடியை இறக்கினாள். காற்றில் பறந்துகொண்டிருந்த உமியும் தவிடும் உள்ளே வந்து, அவள் தலையில் பூத்தூவியது போல விழுந்தது.

"கண்ணாடிய ஏத்துக்கா!"

"ஏத்துனா வெந்துடுவேன், எறக்குனா தவுட்டுல பொரண்டுடுவேன். இன்னா பண்ணட்டும் சொல்லு? நான் ஒண்ணு சொல்றேன், என்னை அந்த லாரியிலயே ஏத்திவிட்டுடு. நெல்லு மூட்டை மேல குந்திகினு காத்தோட்டமா போயிடறேன்."

வீடு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலையிலேயே வண்டி ஏசி பார்க்கும் பாயிடம் போய் நின்றேன். கத்திரி வெயிலில் அவர் கடை முன்னால் கல்யாணப் பந்தி போல வண்டிகள் வரிசையில் நின்றன.

"எல்லாருக்கும் ஜல்தி வேணும். நான் ஒருத்தன், ரெண்டு கை. காஸ் மட்டும் பாத்து உடறேம்மா, பேஜார் பண்ணாத" என்றார். பார்த்தார். "காஸ் சரியாத்தான் கீது. கம்ப்ரசரும் ஓடுது. பழைய வண்டி, அவ்ளோதான் குளுரும்."

"அவ்ளோதான் குளிரும்னா ஓடும்போது மட்டும் எப்படி பாய் குளிருது? நின்னாதான் சூடாவுது" என்றேன்.

அடுத்த வண்டிக்குப் போகத் திரும்பியவர் நின்றார். "ஓடுனா குளுருது, நின்னா சூடாவுது?"

"ஆமா. அப்படின்னா முன்னாடி ஃபேன்தானே?"

ஓடும்போது எதிர்க்காற்றே ஏசி வெளியே தள்ளும் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், நின்றால் அந்த வேலையை விசிறிதான் செய்ய வேண்டும் என்று முந்தின ராத்திரி கைப்பேசியில் காணொளிகளாகப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். பாய் குனிந்து பார்த்தார். முன்பக்க விசிறி அசையவே இல்லை.

"மோட்டார் செத்துப்போச்சு. கரெக்டா சொன்ன. என் கடைக்கு வந்துடறியா வேலைக்கு?"

வேறு மோட்டார் மாற்றிக் கொடுத்தார். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி வலையைக் காட்டி, "இது மண்ணா அடைச்சிகினு கீது. வீட்ல தண்ணி அடிச்சு கழுவு. ஆனா வேகமா அடிக்காத, தகடு மடங்கிடும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

விசிறி சரியான பிறகும் காற்று போதவில்லை. உள்ளே ஏதோ மூச்சடைத்த மாதிரி வந்தது. அன்று சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்சீட்டின் எதிரே இருக்கும் சாமான் பெட்டியைக் கழற்றினேன். அதற்குப் பின்னால்தான் காற்றை வடிகட்டும் ஃபில்டர் இருக்கும். இழுத்தேன். வர மறுத்தது. இன்னும் இழுத்ததும் ஒரு சின்ன மெத்தை கையோடு வந்தது.

தூசி என்று சொல்ல முடியாது. முழுக்கப் பட்டுப் பஞ்சு. அடுக்கடுக்காக, வண்ண வண்ணமாக, கம்பளி போல இறுகியிருந்தது. காரணம் உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் வெயில் படாத ஒரே இடம் நூல் சுற்றும் கூடத்தின் பக்கச் சுவர். வண்டிக்கு நல்லது என்று தினமும் அங்கேதான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, எஞ்சினையும் உள்ளே காற்றடிக்கும் விசிறியையும் ஓடவிட்டபடி, வேலை விட்டு வரும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் காத்திருப்பேன். எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளிய பஞ்சையெல்லாம் என் வண்டி ஆசையாக உள்ளே இழுத்து வைத்திருக்கிறது.

அம்மா அதை வாங்கி, துணிக்கடையில் புடவையைத் தடவிப் பார்ப்பது போலத் தடவினாள். அக்காவும் வந்து குனிந்தாள்.

"இந்த மாம்பழ மஞ்ச பொங்கலுக்கு முன்னாடி சுத்துனதுமா."

"ஆமாண்டி. அது மேல பாரு, மயில் கழுத்து. இது மாசியில. அந்த ஆர்டர் நம்மள படுத்துன பாடு!"

"இந்த அரக்கு?"

"அது உன் கல்யாணப் பொடவைக்கு நீயே சுத்துனதுடி, பைத்தியம்."

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தோம். சத்தம் கேட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தார் அப்பா. அதுவரை காரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளிக்காற்று பட்டாலே நூலுக்கு ஆபத்து என்று வாழ்ந்தவருக்கு, காற்று வாங்க ஒரு வண்டி என்பதே வேடிக்கையாக இருந்திருக்கும்.

நான் முன்பக்க வலையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். உமியும் பஞ்சும் சேறாக வழிந்தன. அழுக்கு போனதும் உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. பல இடங்களில் அவை மடங்கிக் கிடந்தன.

"இது தறி அச்சு மாதிரியே கீதே" என்றார் அப்பா. தறியில் பாவு இழைகள் ஒவ்வொன்றாக நுழைந்து வரும் சீப்பு போன்ற சட்டத்தைத்தான் அச்சு என்போம். "பல்லு சாஞ்சு கீது பாரு. சாஞ்சா இழை போவாது. இதுல இன்னா போவும்?"

"காத்து போவும்பா. தகடு நேரா நின்னாதான் காத்து பூந்து வெளிய வரும். அப்பதான் உள்ள குளிரும்."

"அவ்ளோதான?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், ஒரு மெல்லிய தகட்டுக் கம்பியோடு திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் அழுத்தலாம், எங்கே பின்னால் குழாய் ஓடுகிறது, அங்கே குத்தக் கூடாது என்று நான் காட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒவ்வொரு தகடாக நிமிர்த்திக்கொண்டே வந்தார். நானும் அப்பாவும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். தறியில் எனக்கு இடம் இருந்ததில்லை. "நீ படி, இங்க வராத" என்று விரட்டிவிடுவார். அன்று விரட்டவில்லை. "இது சரியா பாரு, இது சரியா?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

புது ஃபில்டர் போட்டாயிற்று. அடுத்த ஒத்திகையில் அம்மாதான் கெடுத்தாள். கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு விரல் இறக்குவாள். நான் ஏற்றுவேன். அவள் இறக்குவாள். கடைசியில், கிளம்பும்போது கொஞ்ச நேரம் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிச் சூட்டை வெளியே விடுவது, பிறகு மூடிவிட்டு உள்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும் பொத்தானை அழுத்துவது என்று உடன்படிக்கை ஆனது. அது வண்டிக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது.

பெண்ணழைப்பு நாள். அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு அக்கா பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் அம்மா. முன்சீட்டில், புதுச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக அப்பா. உறவுக்காரர்கள் வேனில் பின்னால் வந்தார்கள்.

களம்பூரில், நான் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்த அதே இடத்தில், ஒரு நெல் லாரி குறுக்கே நின்றது. உமி பறந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்க வழியில்லை. வண்டியை நிறுத்தினேன். பின்னால் திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. காதை மட்டும் முன்பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. பிறகு 'கிர்ர்ர்' என்று விசிறி சுற்ற ஆரம்பித்தது. காற்று சூடாக மாறவில்லை. லாரி முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. காற்று மேலும் மேலும் ஜில்லென்று வந்தது.

பின்சீட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல். "ஏண்டி..."

"இன்னாக்கா? சூடா கீதா?"

"கொறைச்சு வையேண்டி. குளுருது."

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். என் அக்கா, நெற்றிச்சுட்டி அசைய, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தன் முந்தானையை எடுத்து அவள் தோளில் போர்த்திக்கொண்டிருந்தாள். கத்திரி வெயிலில், களம்பூர் நடுரோட்டில்! நான் ஹாரனை இரண்டு தடவை அழுத்தினேன். லாரிக்காரர் தன்னைத்தான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து முறைத்தார். அது சந்தோஷத்தில் அடித்த ஹாரன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

குறைத்து வைக்கவா என்று அப்பாவைப் பார்த்தேன். காற்று வரும் துளை நேராக அவர் முகத்துக்கு எதிரே இருந்தது. அவர் அதைத் திருப்பவும் இல்லை, விலகவும் இல்லை. கோயிலில் தீபாராதனையை வாங்கிக்கொள்வது போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குறைக்கவில்லை.

போளூரில் அப்போதுதான் ஒரு கோடை மழை தூறி ஓய்ந்திருந்தது. தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மேளம் முழங்க, மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினேன். மாப்பிள்ளையின் அண்ணன்தான் வந்து கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? ஆரணியிலேர்ந்துதான் வர்றீங்களா, ஊட்டியிலேர்ந்தா?" என்று தலையை உள்ளே நீட்டினார். "பொண்ணு எறங்கட்டும். நான் கொஞ்ச நேரம் குந்திக்கறேன்."

அக்கா மை கலையாமல், பூ வாடாமல் இறங்கினாள். ஆரத்தி எடுத்தார்கள். அப்பா முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அந்த ஈரப் புழுக்கம் பட்டதும் அவருடைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் பால் ஊற்றியது போல வெளுத்துப்போயின. எதிரே எதுவும் தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார். மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, இப்பவே கண்ணு கலங்கிட்டீங்க? பொண்ண எங்க அனுப்பறீங்க, இதோ கீற போளூருக்குத்தானே?"

"ஐயோ, அழுவலீங்க சம்பந்தி" என்றார் அப்பா. சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இது எங்க சின்ன பொண்ணு வண்டி ஏசி. அவளே ரிப்பேர் பண்ணது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அது தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பட்டம் வாங்கிய நாளில் அப்பாவுக்குத் தறியில் அவசர வேலை, விழாவுக்கு வர முடியவில்லை. இன்றும் என் பழைய வண்டியில் அந்த விசிறி 'கிர்ர்ர்' என்று சுற்றும்போதெல்லாம், போளூர் மண்டப வாசலில் ஊருக்கே கேட்கும்படி அவர் எனக்குக் கொடுத்த அந்தப் பட்டம்தான் என் காதில் விழுகிறது.