அண்ணி ஏறிக்கொண்டிருந்த மலை

ஐம்பத்தோரு வயதில் வீடியோ கேம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று என் அண்ணியைக் கேட்டவர்களை வரிசையில் நிறுத்தினால், அது எங்கள் வாசலில் தொடங்கித் தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போகும். முதல் ஆளாக என் அண்ணன் நிற்பான். இவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் அதே கேள்வியோடு யாராவது வந்தால், என் வாயில் என்ன வருமோ, அதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணிக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில். ஆபரேஷன் முடிந்து ரத்தமும் சதையுமாக இறங்கி வரும் கருவிகளைக் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்து டிரேயில் அடுக்கி, இரட்டைத் துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்து எடுத்து மறுபடியும் மேலே அனுப்ப வேண்டும். ஒரு டிரேயில் நாற்பத்திரண்டு உருப்படி. இடுக்கி ஒன்றின் பல்லிடுக்கில் கடுகளவு கறை தங்கினாலும் மேலே மேஜையில் படுத்திருக்கிற யாரோ ஒருவரின் உயிர்ப் பிரச்சினை. இருபத்துமூன்று வருடமாக இதுதான் வேலை. அங்கே தப்பு என்பதற்கே இடமில்லை. மேலேயிருந்து ஒருமுறைகூட ஒருவரும் இறங்கி வந்து "நல்லா செஞ்சீங்கம்மா" என்றதில்லை. கத்துவதற்கு மட்டும் ஃபோன் வரும்.

அவர்கள் மகள் கல்யாணமாகிப் போனபோது டி.வி.க்குக் கீழே தன் கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். தூசி தட்டப் போன அண்ணி எந்தப் பொத்தானையோ அமுக்க, அது உயிர் பெற்றுவிட்டது. இரண்டு வருடம் முன்பு நடந்த கதை இது. நான் மாடியில் குடியிருக்கிறேன். ஒண்டிக்கட்டை. வேலை கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்ப்பது. சத்தம் கேட்டு இறங்கி வந்தவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமை மதியமும் அதே சோபாதான்.

முதலில் கார் பந்தயம். அண்ணி சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். பந்தயத்தில்! வழியில் கடல் தெரிந்தால் ஓரங்கட்டி வேடிக்கை பார்த்தார். கடைசியாக வந்தாலும் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுத்தது, வீடு மாறி வந்தவர்களின் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்கும் ஆட்டம். ஊரே மெச்சுகிறதாம். இரண்டே நாளில் மூடி வைத்துவிட்டார். "இதத்தான் நாள் பூரா செஞ்சிட்டு வர்றேன். வீட்லயும் டிரேயா?" என்றார். அதற்கடுத்தது ஒரு சின்னப் படகில் தீவு தீவாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது. அது ரொம்பப் பிடித்தது. காரணம் கேட்டேன். "ஒவ்வொருத்தரும் கதவைத் திறந்து நன்றி சொல்றாங்க, கவனிச்சியா?" என்றார்.

பிறகுதான் மலை வந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு மலையும் ஒரு பெண்ணும் தவிர வேறொன்றும் கிடையாது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். ஒரு பொத்தான் இடது கை, இன்னொன்று வலது கை. பாறையில் பிடி தேடிப் பிடித்து ஏற வேண்டும். ரொம்ப நேரம் ஒரே பிடியில் தொங்கினால் கை சோர்ந்து விழுந்துவிடுவாள். கையில் பன்னிரண்டு ஆணிகள். எங்கே அடித்து வைக்கிறோமோ, விழுந்தால் அதுவரைக்கும்தான் விழுவோம். உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்பதை ஏறியவர்தான் பார்க்க முடியும். யாரும் தன்னிடம் சொல்லிவிடக்கூடாது என்று அண்ணி எல்லாரிடமும் கறாராகச் சொல்லி வைத்திருந்தார்.

எட்டு மாதம் ஏறினார். எத்தனை முறை விழுந்தார் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் சிரித்தார். வேலையில் ஒரு இடுக்கி கைதவறிக் கீழே விழுந்தாலே முகம் வெளுத்துப்போகிற மனுஷி, இங்கே தலைகுப்புற விழுந்துவிட்டு "ஐயோ, போச்சு!" என்று கைதட்டிச் சிரிக்கிறார்.

"இங்க தப்புப் பண்ணினா யாரும் சாகறதில்ல. நான் மட்டும்தான் விழறேன். எந்திரிச்சு மறுபடி ஏறலாம். இந்த சொகம் எனக்கு வேற எங்க கெடைக்குது, சொல்லு?"

இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா உங்களுக்கு? எனக்கு வேண்டாம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறை, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அண்ணி அதற்குத் தொப்பையன் என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு மாதமாக அவனிடம்தான் மல்லுக்கட்டு. பழைய டிரே பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் அவன் படத்தை வரைந்து, எங்கெங்கே பிடி இருக்கிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "வழி கண்டுபிடிச்சிட்டேன். என் பொறந்தநாளுக்கு லீவு போட்டிருக்கேன். அன்னைக்கு உச்சி."

தனக்கென்று அவர் போட்ட முதல் லீவு. மகளின் பிரசவத்துக்கு, அண்ணனின் மூட்டு வலிக்கு, எனக்குக் கண்புரை எடுத்தபோது என்று மற்றவர்களுக்காகத்தான் அதுவரை போட்டது எல்லாம்.

இந்தப் பேச்சு என் அண்ணன் காதில் விழுந்ததுதான் வினை.

அவன் பார்சல் ஆபீஸில் மேற்பார்வையாளன். சாயங்காலம் ஷட்டர் இறங்கும்போது ஒரு பொட்டலம்கூட மிச்சம் இருக்கக்கூடாது. 'பெண்டிங்' என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். வீட்டிலும் அப்படித்தான். மகள் பள்ளியில் படித்தபோது பாதியில் விட்ட வரைபடத்துக்கு இவன் வண்ணம் தீட்டி முடிப்பான். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவன் முடிப்பான், அதுவும் தப்பாக. அப்படிப்பட்டவன் கண்ணில் எட்டு மாதமாக ஒரு மலை பெண்டிங்கில் கிடந்திருக்கிறது.

பிறந்தநாள் அன்று காலை பத்து மணிக்கு அண்ணி தலைக்குக் குளித்து, தொப்பையன் தாளோடு சோபாவுக்கு வந்தார். நானும் கடைக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் பொறும்மா. மாப்பிள்ளையும் பொண்ணும் வந்துட்டிருக்காங்க" என்றான் அண்ணன்.

வந்தார்கள். கேக்கும் வந்தது. அண்ணன் டி.வி.யைப் போட்டான். திரையில் அண்ணியின் மலை, அண்ணியின் பெண், அண்ணி அடித்து வைத்த ஆணிகள். ஆனால் அந்தப் பெண் தானாக ஏறிக்கொண்டிருந்தாள். குரங்கு மாதிரித் தாவினாள். தொப்பையனை மூன்றே மூச்சில் தாண்டினாள். மேகம் விலகியது. உச்சி தெரிந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அண்ணியின் முகத்தையே ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யார் ஏறினது?" என்றார் அண்ணி.

"நம்ம மாப்பிள்ளைதான்! நேத்து நீயும் நானும் டியூட்டிக்குப் போன நேரத்துல வரச் சொல்லி முடிச்சாச்சு. அவர் பதிவு பண்ணி வெச்சதுதான் இப்ப ஓடுது. இனிமே பெண்டிங்கே கெடையாது!"

"அரை மணி நேரந்தான் ஆச்சு அத்தை, ஈஸி" என்றார் அந்த மகானுபாவர்.

அண்ணி கேக்கை வெட்டினார். அத்தனை துண்டும் ஒரே அளவு. "நல்லா இருக்கு" என்றார். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு, லீவு போட்ட அன்று, மருத்துவமனைக்குக் கிளம்பிப் போய்விட்டார். தொப்பையன் தாள் சோபாவிலேயே கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு மனசாட்சி இருக்கா அண்ணா? எட்டு மாசம்! எட்டு மாசம் அவங்க பாடுபட்டு ஏறினத..."

"விளையாட்டுதானே? நல்லதுதானே செஞ்சேன்? ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன?"

"யாரு ஜெயிச்சா?"

"அட, இதுக்கெல்லாம் போயி மூஞ்சியத் தூக்கிட்டு... சின்னப் புள்ளைங்க மாதிரி!" என்றவன் ஃபோனை எடுத்து, தான் பிடித்த படத்தை எனக்குக் காட்டினான். அதில் அண்ணியின் முகம் பெரிதாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதை இரண்டு நிமிடம் பிடித்து வைத்திருந்தான். அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. "சந்தோஷத்துல பேச்சே வரல பாரு" என்றான். இப்படிப்பட்டவனோடு என்ன பேசுவது?

பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் விழுந்த பேப்பரை நான் எடுத்தேன். அண்ணனுக்கு ஒரு பழக்கம். தேநீரோடு குறுக்கெழுத்துப் போடுவான், பென்சிலில். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த விடைகளை எல்லாம் பேனாவால் எழுதினேன். தெரியாத கட்டங்களில் வாய்க்கு வந்ததை எழுதினேன். ஒரு கட்டம் மிச்சமில்லை. அடியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'உனக்காக முடித்துவிட்டேன். பெண்டிங் இல்லை.' பேப்பரை அவன் நாற்காலியில் வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எவ இதுல கைய வெச்சது?" வீடே அதிர்ந்தது. "ஒரு நாளைக்கு எனக்குன்னு இருக்கறது இந்த ஒண்ணுதான்! அதையும்..."

அதோடு நின்றுவிட்டான்.

வேலைக்குக் கிளம்பி நின்ற அண்ணி சாப்பாட்டு டப்பாவை மூடியபடி அவனைப் பார்த்தார். நான் படியிலிருந்து இறங்கவில்லை. அவன் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தான்.

"மறுபடி முதல்லேர்ந்து ஏறலாமேம்மா..." என்று இழுத்தான்.

"ஏறலாங்க. ஆனா மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சு போச்சே. இனிமே ஏறினா அதுவும் வேலைதான்" என்றார் அண்ணி. கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்த வாரம் அவர் பெட்டியைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் இறங்கி வந்தபோது என் இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கையில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் மலை, அடிவாரம், புது ஆட்டம்.

"நான்தான் அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்துட்டு நின்னேனே. உச்சிய நான் பாக்கல" என்றான் அண்ணியிடம். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

முதல் பாறை இடுப்பு உயரம்கூட இருக்காது. விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பதினோரு தடவை. பார்சல் ஆபீஸையே ஆட்டிவைக்கிறவனுக்கு ஒரு கல்லில் ஏற முடியவில்லை. அண்ணிக்குக் கை துறுதுறுத்தது. பொத்தானைப் பிடுங்கிவிடுவாரோ என்று பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

பன்னிரண்டாவது தடவை அவன் விழுந்தபோது பொறுக்க முடியாமல், "அந்த இடது பக்கம் ஒரு பிடி..." என்று தொடங்கினார்.

"சொல்லாத!" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

உச்சியில் என்ன இருந்தது என்று நானும் பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையோடு நான் இன்னும் பேசவில்லை.