கண்ணாத்தாளுக்கு வந்து சேராத பேச்சு

மஞ்சக்காமாலைல செத்தாளாம் கண்ணாத்தா. ஊரெல்லாம் அதுதான் பேச்சு. வாயில நல்லா வருது எனக்கு.

நானும் அவளும் நாமக்கல்லுக்கு இந்தப் பக்கமா ஒரு கோழிப்பண்ணைல, ஒரே கோழிக்கொட்டாய்ச் செட்டுல வேலை பாத்தவங்க. ஊடும் பக்கத்துப் பக்கத்து ஊடு. முட்டை பொறுக்கறதுல அவ கை என்ன வேகம்ங்கறீங்க! பேச்சும் அதே வேகம்தான். சூப்பர்வைசர் கதிர்வேல், "கண்ணாத்தா, கோழிக்குக் காது வலிக்குது, கொஞ்சம் நிறுத்து"ன்னு கத்துவான். "என்ற பேச்சைக் கேட்டுத்தானுங்க அது முட்டையே வெக்குது"ம்பா. செட்டே சிரிக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இருமல் வந்துச்சு. பொழுது சாஞ்சா காச்சல். போட்ட ரவிக்கை தொளதொளன்னு ஆயிப்போச்சு. கேட்டா, "பண்ணை நாத்தம் ஒத்துக்கலீங்கக்கா"ன்னா. டி.பி.ன்னு அவளுக்கும் அவ புருசன் நாச்சிமுத்துக்கும் மட்டும்தான் தெரியும். மக மலர்விழிய மல்லசமுத்திரத்துல இருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருந்த நேரம் அது. பொண்ணோட ஆத்தாளுக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா அவங்க திரும்ப வருவாங்களா? பண்ணைலதான் உள்ள உடுவாங்களா? புருசனும் பொஞ்சாதியும் வாயைத் தெச்சுக்கிட்டாங்க.

நாமக்கல்லுல மருந்து வாங்குனா யாராச்சும் பாத்துருவாங்கன்னு நாச்சிமுத்து பரமத்தி வேலூருக்குப் போனான். சளி சோதிக்கறதுக்கு ஒருக்கா அவளைக் கூட்டிட்டுப் போனதோட சரி. அப்புறம் மாத்திரை வாங்க அவன் மட்டும்தான். அங்க இருந்த நர்ஸம்மாளைச் சும்மா சொல்லக்கூடாது, வெவரமெல்லாம் பொறுமையாத்தான் சொல்லியிருக்குது. கேட்டது இவன் காது. ஊட்டுக்கு வந்து பொஞ்சாதிகிட்ட இவன் சொன்னது, "ஒரு நாளும் உடாம முழுங்கோணுமாம். உட்டா உசுருக்கு ஆபத்தாம். ஒண்ணுக்கு செவப்பாப் போவுமாம், பயந்துக்கக் கூடாதாம்." அவ்வளவுதான்.

முழுங்குனா. இருமல் கொறஞ்சுது. அட, தேறிட்டாளேன்னு நான் சந்தோசப்பட்டா, சோத்தைக் கண்டாலே ஓங்கரிக்க ஆரம்பிச்சுட்டா. ஒரு நாள் செட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கறப்ப அவ கண்ணைப் பாத்தேன். மஞ்சக்கரு மாதிரி இருந்துச்சு.

"ஏ அம்மிணி, உனக்கு மஞ்சக்காமாலைடி!"ன்னேன்.

அவ மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. வெளிய சொல்லிக்கற மாதிரி ஒரு சீக்கு அவளுக்குக் கெடைச்சுருச்சு. பாத்தவங்ககிட்டயெல்லாம் சொன்னா. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. கீழாநெல்லி அரைச்சு மோருல கலக்கிக் குடிச்சா. கதிர்வேல் அதுக்கும் மேல போனான். கோழிக்கு ஈரல் கெட்டுப் போகாம இருக்கறதுக்குத் தண்ணில ஒரு டானிக் கலக்குவாங்க. அதுல ஒரு பாட்டில் ஊத்திக் குடுத்து, "இத்தனை கோழிக்கு ஆகறது உனக்கு ஆகாதா?"ன்னான். அந்தக் கெரகத்தையும் குடிச்சா. எங்க பண்ணைல ஒரு கோழி சொணங்கி நின்னாப் போதும், டாக்டரு கார்ல வந்து எறங்குவாரு. வேலைக்காரிக்கு அந்தக் கோழித் தண்ணிதான்.

இத்தனைக்கும் நடுவுல, கண்ணு மஞ்சளான பொறகும், வாந்தி எடுத்துட்டு வாயைக் கொப்புளிச்சுட்டு, டி.பி. மாத்திரைய ஒரு நாளும் உடாம முழுங்கியிருக்கறா.

அவ பினாத்த ஆரம்பிச்ச பொறகுதான் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். என்ன மருந்து சாப்பிட்டாங்கன்னு டாக்டரம்மா கேட்டுச்சு. நாச்சிமுத்து தரையவே பாத்துக்கிட்டு நின்னான். "வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"னு நான் அதட்டுன பொறகுதான் மடியில இருந்து மாத்திரை அட்டைய எடுத்து நீட்டுனான். அது டி.பி. மாத்திரைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

"இது சிலருக்கு ஈரலைத் தாக்கும். பசி போனாலோ, வாந்தி வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே நிறுத்திட்டு வாங்கன்னு சொல்லியிருப்பாங்களே?"ன்னுச்சு டாக்டரம்மா.

"சொன்னாங்க."

"இவங்ககிட்ட நீங்க சொன்னீங்களா?"

"சொன்னா பயந்துக்கிட்டு முழுங்கமாட்டாளேன்னு... உட்டுட்டனுங்க."

அப்பவே நிறுத்தியிருந்தா ஈரல் தேறியிருக்குமாம். தேறுனதும் மாத்திரைய மாத்திக் குடுத்து டி.பி.யையும் கொணப்படுத்தியிருப்பாங்களாம். அதைக் கேட்டு அந்த ஆளு கொழந்தையாட்ட அழுதான். அவன் கெட்டவன் இல்லைங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆத்தரம். கெட்டவனா இருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு என்ற சோலியப் பாத்திருப்பேன். கண்ணாத்தா கண்ணு முழிக்காமயே போய்ச் சேந்துட்டா.

அழுதவன் திருந்துனானா? காரியம் முடிஞ்சு மல்லசமுத்திரத்துக்காரங்க உக்காந்திருக்கறப்ப, அந்தப் பரமத்தி வேலூரு நர்ஸம்மா ஊடு தேடி வந்துச்சு. கூட இருந்தவங்க எல்லாரும் சோதிச்சுக்கோணும்னுச்சு. "ஊடு மாறி வந்துட்டீங்க. என்ற சம்சாரத்துக்கு வெறும் மஞ்சக்காமாலைதானுங்க"ன்னு அனுப்பிட்டான். நான் பின்னாலயே ஓடிப்போயி என்னைச் சோதிச்சுக்கிட்டேன். எனக்கு ஒண்ணுமில்லை. மலர்விழி கையப் புடிச்சுக் கூப்பிட்டேன். "கல்யாணம் முடியட்டுங்க பெரிம்மா"ன்னுட்டா.

முடிஞ்சுது. தாலி ஏறி மல்லசமுத்திரம் போயிட்டா. இன்னைக்குக் காலைல போன் பண்ணுனா. பேச முடியாம இருமறா.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா சாமி?"ன்னேன்.

"இங்க தெரிஞ்சா பிரச்சனையாயிருமுங்க பெரிம்மா. அம்மா மாத்திரை மிச்சம் இருக்குதாம். அப்பா கொண்டாந்து தாரேன்னாருங்க"ன்னா.

செருப்பை மாட்டிக்கிட்டுத் திருச்செங்கோட்டு பஸ்ஸுல ஏறிட்டேன். அங்க எறங்கி மல்லசமுத்திரம் போவோணும். அவ மாமியா என்னைத் தொரத்தி அடிச்சாலும் சரி, அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரில கொண்டுபோய் உக்கார வெச்சு, டாக்டரு சொல்றதை அவ காதாலயே கேக்க வெக்காம ஊடு திரும்ப மாட்டேன்.