மஞ்சள் கட்டத்தில் எட்டு முதுகு

அறுபது பெண்கள் வேலை பார்க்கும் பேக்கிங் பட்டறையின் முதலாளியம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் லாரியில் ஏறும் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தால் போதும். டிகிரி முடித்த மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டி விடை சொல்வதற்குள் இவர் வண்டியை அனுப்பியிருப்பார். எண்ணிக்கையில் அவரை ஏமாற்ற இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். அப்பேர்ப்பட்டவரே ஒரே ஒரு தடவை கோட்டை விட்டார். அப்போது வயது பத்து. நாள், கிறிஸ்துமஸ்.

வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மேலே நாலு, கீழே நாலு, நடுவில் அவள். லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரே துணியை மொத்தமாக வாங்கி, தெருமுனைத் தையல்காரரிடம் போட்டுவிடுவார். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன். அந்த வருஷம் மஞ்சள் கட்டம். எந்தக் கூட்டத்திலும் பிள்ளைகள் தொலையாது என்று அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. வெளியே போனால் தலை எண்ணும் வேலையை அம்மா மூத்தவனிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்திருந்தார். பட்டப்பெயர் கணக்குப்பிள்ளை. மூத்தவனுக்கு வயிற்றெரிச்சல்.

சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் கொடுத்த கேக்கோடு எல்லோரும் பஸ்ஸில் முண்டியடித்து ஏறினார்கள்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்தையே ஏத்திட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

அவள் பின்படியில் நின்றபடி மஞ்சள் முதுகுகளை எண்ணினாள். எட்டு. தன்னோடு ஒன்பது.

"சரியாப் பாத்தியா?" என்றார் அப்பா.

"ஒம்பதுப்பா. சரியா இருக்கு."

கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். ஜன்னலோரம் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்த கடைக்குட்டி திரும்பினான். அது கடைக்குட்டி இல்லை. தையல்காரர் மகன். மிச்சத் துணியில் அவர் தன் பிள்ளைக்கும் ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறார். நெரிசலில் மஞ்சளைப் பார்த்ததும் மூன்றாவது அண்ணன் அவனைத் தூக்கி உள்ளே விட்டிருக்கிறான். ஓசியில் பஸ் கிடைத்த பயல் வாயைத் திறக்கவில்லை.

அப்படியென்றால் தம்பி எங்கே? நாலு வயசு. கோயில் வாசலில் லாரி போகும் ரோடு.

சொன்னால் அப்பா என்ன செய்வாரோ. மூத்தவன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். முன்னால் பாலம் தெரிந்தது. அதைத் தாண்டினால் பஸ் வெகுதூரம் நிற்காது.

"அப்பா, நான் எண்ணினது தப்பு. தம்பி வரல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தார். வண்டி நின்றது. மற்றவர்களை நிறுத்தத்தில் உட்காரவைத்துவிட்டு, தையல்காரர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா ஓடினார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ரோட்டோரம் எங்கே மஞ்சள் தெரிந்தாலும் உயிர் போய் வந்தது. ஒரு தடவை அது வாழைப்பழத் தோல்.

கோயில் வாசலில் தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் பாய்ந்து வாங்கினார்.

"ஒம்பது பெத்தது பத்தாதுன்னு எம்புள்ளையையும் தூக்கிட்டுப் போறீங்களாக்கும்!"

"எங்க கடைசிப் பையனப் பாத்தீங்களாண்ணே?"

அவர் முகம் மாறியது. "இல்லையே."

காவலாளி கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள யாரும் இல்லம்மா." அவள் அவர் கையிடுக்கில் நுழைந்து உள்ளே ஓடினாள். பெஞ்சுகளுக்கு அடியில் பார்த்தாள். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் பார்த்தாள். பக்கவாட்டுத் தூணின் மறைவில், சுவரோடு முதுகை ஒட்டி, அட்டென்ஷனில் நின்றான் கடைக்குட்டி. கால்சட்டை நனைந்திருந்தது. கிளம்புமுன் அந்தச் சுவரோரம்தான் அவள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். எண்ணும்போது அசையக்கூடாது என்று மிரட்டியிருந்தாள். பஸ் வந்துவிட்டதென்று மற்றவர்கள் ஓடினார்கள். அவன் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை.

"எண்ணிட்டியாக்கா?" என்றான்.

நனைந்த பயலை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இரண்டு நிறுத்தமும் இறக்கவில்லை.

நிறுத்தத்தில் அம்மா தம்பியைப் பிடுங்கி முத்தமிட்டார். மூத்தவன் தயாராக நின்றான்.

"இனிமே நான் எண்றேன்பா. ஊரான் புள்ளைய எண்ணிக்கிட்டு வருது இது."

அப்பா அவளைப் பார்த்தார்.

"முதுக எண்ணினேன்பா. அதான் தப்பு. மூஞ்சியப் பாத்து எண்ணினா தப்பாது," என்றாள்.

அடுத்த பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். யாரையும் கேட்காமல் அவளே முன்னாலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாடையாகப் பிடித்துத் திருப்பி, முகத்தைப் பார்த்து எண்ணினாள். வண்டியில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியாக மூத்தவன். அவன் வீம்புக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள். நகரவில்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறுங்க. எம்பொண்ணு இன்னும் முடிக்கல."