கோதண்டம் மாமா கட்டிய பூப்பொட்டலம்

விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணையிலிருந்து செய்தி வந்தபோது நான் திண்டிவனத்தில் என் சைக்கிள் கடையில் உட்கார்ந்து ஒரு பேங்க் மேனேஜருக்கு உலக நிலவரம் விளக்கிக்கொண்டிருந்தேன். போனில் என் அக்கா மகள் சாந்தி. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள். மேனேஜர் பாதிக் கதையோடு எழுந்து போனார். என்னிடம் பாதிக் கதையோடு எழுந்து போன முதல் மனிதர் அவர்தான்.

கோதண்டம் என் அக்காவின் கணவர். காணையில் கரும்பும் நெல்லும் பயிர் வைத்தவர். நான் எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். மாமா மூன்றாம் வகுப்பு. ஆகையால் உலக விஷயங்களை அவருக்கு நான்தான் எடுத்துச் சொல்லி வந்தேன். கவர்னர் கார் என் கடை வாசலில் பஞ்சராகி நின்ற கதையை மட்டும் நூறு முறை கேட்டிருப்பார். ஒவ்வொரு முறையும், "அப்பறம் என்னா மச்சான் ஆச்சி?" என்றுதான் கேட்பார். காரில் இருந்தது கவர்னரே இல்லை, அவருடைய சமையற்காரர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பார். அப்படிப்பட்ட மனிதர்.

எண்பதுகளின் நடுவில் சாந்தி பிளஸ் டூ தேறினாள். ஜில்லாவிலேயே முதல் மார்க் என்று திண்டிவனம் முழுக்க நான் சொன்னேன். உண்மையில் அவள் பள்ளிக்கூடத்தில் முதல். ஜில்லா என்பது நான் போட்ட மாலை. அந்தப் பெண்ணுக்கு வேதியியல் பைத்தியம். சர்க்கரை வியாதி முற்றி, ஒரு பக்கம் கை கால் விழுந்து, அக்கா படுக்கையாகிவிட்டாள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சிறுநீர் சோதித்தபோது சாந்தி பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள்.

"நீலமா இருந்த தண்ணி மாமா, சூடு பண்ணதும் செங்கல் கலரா ஆயிடுச்சி. எங்கம்மா ஒடம்புல இருக்கறது அந்தக் குழாயில தெரியுது. இன்னும் என்னென்னா தெரியும்னு நான் பாக்கணும்."

ஆனால் விழுப்புரம் காலேஜில் அவளுக்கு வரலாற்றில்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். வேதியியல் வேண்டுமானால் திண்டிவனம் வர வேண்டும். பி.ஏ. என்றால் மதியத்துக்குள் வகுப்பு முடிந்துவிடும். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிவிடலாம். பி.எஸ்ஸி. என்றால் மத்தியானமெல்லாம் லேப். திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, காணையில் இறங்கும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அதுவரை அக்கா யார் கையில்? காலேஜ் பிரின்சிபாலை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்தவன் நான். எந்தப் பிரின்சிபாலாலும் தீர்க்க முடியாத கேள்வி அது.

மாமாவின் அண்ணன் ஒருவர் இருந்தார். பெரியவர் என்போம். கரும்புக்கு அவர் கிணற்றுத் தண்ணீர்தான். அவர் வந்து உட்கார்ந்தார்.

"பொட்டப்புள்ள ராத்திரியில பஸ்ஸுல வந்து எறங்கிக்கினு இருந்தா ஊரு என்னாடா பேசும்? ஒம் பொண்டாட்டி ஈரத் துணியில கெடந்து நாறணுமா? கல்யாணப் பத்திரிகையில போடறதுக்குப் பி.ஏ. போதும்."

"சரிண்ணா, பி.ஏ.வே போவட்டும்" என்றார் மாமா. எல்லார் முன்னாலும் சொன்னார். நான் குறுக்கே பாய்ந்து விஞ்ஞானத்தின் பெருமையை எடுத்துவைத்தேன். "நீ மொதல்ல ஒன்பதாவது பாஸ் பண்ணிட்டு வா" என்றார் பெரியவர்.

அன்றிலிருந்து சாந்தி சாப்பாட்டைத் தொடவில்லை. விண்ணப்பம் போடக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் புரோட்டா வாங்கிப் போனேன், மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மாமா, எங்கம்மா கெடக்கறத பாத்துக்கினே, நான் வெளிய போயிடணும்னு நெனைக்கறேன். நானெல்லாம் ஒரு மனுசியா மாமா?" கொட்டகைக்கு அந்தப் பக்கம் மாமா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வெகு நேரம் உதறிக்கொண்டிருந்தார். மாடுகளுக்கு அத்தனை வைக்கோல் தேவையில்லை.

மறுநாள் அவரே அண்ணனிடம் போனார். "பொண்ணு தின்னாம கெடக்குது. அமாவாசைக்கு மேல்மலையனூரு போறம். பூ கட்டிப் பாத்துடலாம். அங்காளம்மா என்னா சொல்றாளோ அதான்." சாமி பேச்சு என்றதும் பெரியவர் அடங்கினார். வெள்ளை அரளி வந்தால் பி.ஏ., சிவப்பு வந்தால் பி.எஸ்ஸி. என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்று மேல்மலையனூரில் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள், கூட்டத்தில் நசுங்கியவன் நான். மாமா ஓரமாகத் திரும்பி நின்று வாழை இலைத் துண்டில் பூவை வைத்து மடித்து, நூல் சுற்றி, இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தார். யாரோ ஒருத்தி இடுப்பில் இருந்த பெண் குழந்தையை எடுக்கச் சொன்னோம். குழந்தை ஒன்றை எடுத்தது. பெரியவரே பிரித்தார். சிவப்பு. கோயில் மணி தானாக அடித்தது என்று பிற்பாடு பலரிடம் நான் சொல்லியிருக்கிறேன். மணி அடிக்கவில்லை. சாந்தி மட்டும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் புற்றுப் பக்கம் போட்டுவிட வேண்டும் என்பது முறை. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். என் கை சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும். பிரித்தேன். அதிலும் சிவப்பு.

நிமிர்ந்தால் மாமா நிற்கிறார். என் மணிக்கட்டைப் பிடித்தார். கரும்பு வெட்டிய கை, எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"எங்கண்ணங்கிட்ட எதுத்துப் பேச எனக்கு வாயி இல்ல மச்சான். ஒங்கக்கா மூஞ்சியப் பாத்து, ஒன்னிய உட்டுட்டுப் பொண்ண அனுப்பறேன்னு சொல்றதுக்கும் தெம்பு இல்ல. அதான் அங்காளம்மா தலையில கட்டிட்டேன். நான் சாவற வரைக்கும் இத வெளிய உடாத."

அதன் பிறகு நடந்ததைக் காணைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணிக்கே எழுந்து வயலுக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் ஓடிவந்து அடுப்பு மூட்டுவார். கேப்பைக் களி கிண்டத் தெரியாமல் கட்டி கட்டியாகக் கிண்டி, அதை விரலால் நசுக்கி அக்காவுக்கு ஊட்டுவார். புடவை அலசுவார். "என்னா கோதண்டம், நீ எந்தக் காலேஜில படிக்கற?" என்று வாய்க்காலில் கேட்டவர்கள் உண்டு. "அடுப்பங்கரை காலேஜ்தான். இன்னும் பாஸ் ஆவல" என்பார். திண்டிவனத்தில் சாந்தியைத் தினமும் பஸ் ஏற்றியது நான். இது மிகையில்லை, டிரைவர்கள் சாட்சி.

இரண்டாம் வருஷம், கரும்பு வெட்டு நடந்த ஒரு நாள், மாமா வயலிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அவர் வந்தபோது அக்கா உயிரோடு இல்லை. சாந்தி லேபில் இருந்தாள். நான் அழைத்துவந்து சேர்ந்தபோது மாமா அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். என் காதருகில் சொன்னார்: "அங்காளம்மாகிட்ட பொய் சொன்னது நானு. அவ யார எடுத்தா பாத்தியா மச்சான்."

வியாதி முற்றிப்போன உடம்பு, எவ்வளவோ நாள் தாங்கியது என்று டாக்டர் பாணியில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். இந்த முறை "அப்பறம்?" என்று கேட்கவில்லை. படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று சாந்தி சொன்னபோது மட்டும் தலை நிமிர்ந்தார். "குடுக்கவேண்டியத குடுத்தாச்சி. இனிமே நின்னா அதுவும் வீணு. போ" என்றார். என்ன கொடுத்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

சாந்தி தேறினாள், வேதியியல் டீச்சரானாள். வருஷம் தவறாமல் ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்ப் பொங்கல் வைப்பாள். அம்மன்தான் என்னைப் படிக்கவைத்தாள் என்று வகுப்பில்கூடச் சொல்வாளாம். மாமா ஒரு தடவையும் கூடப் போனதில்லை. தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பார், மாட்டுக்கு முடியவில்லை என்பார். "ஒனக்கு நன்றியே இல்லப்பா" என்று அவள் திட்டுவாள். வாங்கிக்கொள்வார். அம்மனுக்குப் பயந்துகொண்டிருந்த மனிதரை ஊர், சாமியை மதிக்காதவர் என்றது.

சென்ற வாரம் அவர் கிடத்தப்பட்டிருந்தபோது சாந்தி என்னிடம் சொன்னாள். "கடசி வரைக்கும் அங்காளம்மாவப் பாக்க வரவே இல்ல மாமா. அந்த ஒரு கோவம் எனக்கு இவரு மேல இருந்துக்கினே இருக்குது." அவர் போய்விட்டார், என் வாய்க்குப் போட்ட பூட்டும் போயிற்று. சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு சொல் கூட்டாமல் சொன்ன கதை அது ஒன்றுதான்.

அவள் அழவில்லை. அவர் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இத்தினி வருசமா நான் யாருக்கு மாமா பொங்கல் வெச்சிக்கினு இருந்தேன்?"

அதற்குப் பதில் திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில், மயிலம் கூட்டுரோடு தாண்டியபோதுதான் தோன்றியது. கோதண்டம் மாமா பொய் சொன்னது அண்ணனிடம், மனைவியிடம், மகளிடம். அங்காளம்மனிடம் அவர் பொய் சொல்லவே இல்லை. அவள் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்து, இரண்டிலும் தன் மனத்தில் இருந்ததையே வைத்தார். அவ்வளவு நேராக அவளிடம் பேசியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த எண்ணம் ஒன்றைத்தான். கவர்னர், பிரின்சிபால், பத்து லட்சம் பேர் என்று அவர் காதில் எதையெல்லாமோ கொட்டினேன். அத்தனைக்கும் நடுவில், அவர் பயம் தீர இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.