ஆறாவது நிலைக்குப் போட்ட பூஜ்யம்

கணினியை மூடுவதற்கு முன்னால் அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி, திரையில் படாமல், அதில் வரிசையாக நிற்கும் கட்டங்களை இடமிருந்து வலமாக எண்ணுவார். உதடு மட்டும் அசையும். கல்யாணமான புதிதில் ஏதோ மந்திரம் முணுமுணுக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த விரல் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஜன்னல் கொக்கி, அடுப்புத் திருகு, மகளின் பையிலிருக்கும் நோட்டு, எதுவும் அதனிடம் தப்பாது.

தெருவில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். கேமராவுக்குள் போகும் கண்ணாடி வில்லைகளுக்கு எவ்வளவு வளைவு, எவ்வளவு இடைவெளி என்று கணினியில் வடிவமைக்கும் வேலை. அவளுடைய அண்ணனும் அதே கம்பெனிதான். அந்த வில்லைகளைக் குழாய்க்குள் ஒவ்வொன்றாக இறக்கிப் பொருத்துவார். பதினான்கு வருஷத்தில் ஒரு வில்லையில்கூடக் கீறல் விழுந்ததில்லை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அண்ணன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். யாரிடமும் கேள்வி கேட்கக் கூச்சம். அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டாள்.

"ஒரே லென்ஸுதானே, எதுக்கு ஆறு தடவை எழுதி வெச்சிருக்கீங்க?"

"லென்ஸ் ஒண்ணுதான். ஆனா கிட்டயும் பார்க்கணும், தூரமும் பார்க்கணும். அதையே சாதாரணச் சூட்டுல, வெக்கையில, குளிர்லன்னு மூணுலயும் பார்க்கணும். ஆக ஆறு நிலை. கண்ணாடி அதேதான், நடுவுல இருக்குற இடைவெளிதான் மாறும்."

"ஆபீஸ்ல புலி, வீட்ல எலிங்கிற மாதிரி," என்றார் அண்ணன்.

"கீழ எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"அது வெயிட். எந்த நிலைக்காக எவ்வளவு கவலைப்படணும்னு கணினிக்குச் சொல்றது. பூஜ்யம் போட்டா, அந்த நிலையைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

"எங்க வீட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க மாப்பிள்ளை?"

"உங்களுக்கு எப்பவும் ஒண்ணு, மச்சான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த லென்ஸ், ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கின் கேமராக்களுக்கானது. உறையும் குளிரில், கோடியிலிருக்கும் பெட்டியின் எழுத்தையும் படிக்க வேண்டும். வடிவமைப்பு முடிகிற தறுவாயில் ஒரு மத்தியானம் மகளுக்குப் பள்ளியிலேயே காய்ச்சல் கொதித்தது. பள்ளியிலிருந்து தகவல் வந்ததும் அவள்தான் அவருக்குப் போன் செய்தாள். "போட்டது போட்டபடி வாங்க." அவரும் அப்படியே வந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போனதும், எண்ணிப் பார்த்துத்தான் வரைபடத்தை அனுப்பினார். ஆறு நிலையும் இருந்தன.

எண்பது லென்ஸ் செய்தார்கள். அவசரத்தில் அறைச் சூட்டிலேயே சோதித்து அனுப்பினார்கள். கிடங்குக்குள் மாட்டியதும், கிட்டத்தில் இருப்பது தெரிந்தது, தூரத்தில் இருப்பது பாலாடை படிந்ததுபோல் மங்கியது. எண்பதும் திரும்பி வந்தன.

"வெளிய நல்லாத்தான் இருக்கு. குளிர்ல உள்ள ஏதோ நகருது. பொருத்துனதுலதான் கோளாறு," என்றார் மேலாளர். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரக் கடைசியில் லென்ஸ்காரர் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் மேசையைத் துடைக்க வந்தாள். அவர் விரல் ஒன்று, இரண்டு என்று நகர்ந்து ஆறில் நின்றது. பிறகு ஒருநாளும் இல்லாத வழக்கமாகக் கீழே வெயிட் வரிசைக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். ஐந்து ஒன்றுகள். ஆறாவதன் கீழே பூஜ்யம்.

துணி கையிலேயே இருந்தது. "ஆறாவது எதுங்க?"

"குளிர்ல தூரம்." அவரே தொடர்ந்தார். "அது மத்த அஞ்சையும் சரியாக விடல. கொஞ்ச நேரம் ஒதுக்கிவெச்சு, அஞ்சையும் முடிச்சுட்டு, அப்புறம் சேர்த்துக்கலாம்னு நினைச்சேன். அப்பத்தான் நீ போன் பண்ணுன."

அவள் துணியை மேசைமேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லிடுங்க. அண்ணன் வேலைங்க."

"சொன்னா என் வேலை போயிடும். அப்புறம் நாம எங்க போறது?"

"அவர் மட்டும் எங்க போவாரு?"

அவர் திரையின் பக்கம் திரும்பினார். பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டார். சேமித்தார். மூடினார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போனார். ஆறாவது நிலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புது வடிவம் தருகிறேன், பொருத்துவதில் சின்னப் பிசகு வந்தாலும் தாங்கும் என்று சொன்னார். பெருந்தன்மையான மனிதர் என்று பேர் வாங்கினார். வியாழக்கிழமை அண்ணனுக்குக் கணக்கு முடித்து வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் நேராக இங்கேதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்பிள்ளை, திரும்பி வந்த லென்ஸைப் பிரிச்சுப் பார்த்தீங்கல்ல? உள்ளதைச் சொல்லுங்க. என் கை நடுங்குதா? கண்ணு மங்கிடுச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவர் டம்ளரையே பார்த்தார். "வயசாகுதுல்ல மச்சான்."

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு கையையும் நீட்டி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுவாரம் அண்ணன் கண் டாக்டரிடம் போனாராம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றாராம் டாக்டர். அதை அண்ணன் நம்பவில்லை. வேறொரு லென்ஸ் கம்பெனி கூப்பிட்டபோது, "என் கையால இன்னொருத்தர் பொருள் கெட வேண்டாம்" என்று மறுத்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறார். எப்போதாவது வருவார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார், மகளின் மூக்குக்கண்ணாடியில் திருகு கழன்றால் தான் தொடாமல் கடைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். லென்ஸ்காரர் இப்போது இரண்டு தடவை எண்ணுகிறார், முதலில் மேலே, பிறகு கீழே. அண்ணனிடம் உண்மையை அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.