பச்சையை விழுங்கிய கறுப்புத் தூள்

இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டு அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். காய்கறியில் தங்கிவிட்ட பூச்சிமருந்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கீரையோ கறிவேப்பிலையோ வந்தால் தலைவலிதான். அரைத்து வடித்தால் மருந்தோடு பச்சை நிறமும் மெழுகும் சேர்ந்து இறங்கும். அவற்றை நீக்காமல் மருந்தை அளக்கும் கருவிக்குள் செலுத்தினால் எது மருந்து, எது இலையின் சொந்தச் சரக்கு என்று தெரியாது.

அதற்காகவே புதிதாக ஒரு கறுப்புத் தூள் வாங்கியிருந்தார்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய கரிக்குழாய்கள்; நானோ குழாய் என்பார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத இலை வேண்டும். படாளத்திலும் அச்சரப்பாக்கத்திலும் வாங்கிய கறிவேப்பிலையில் ஏதாவது ஒரு மருந்து இருந்தது. நான் குடியிருந்த மாமல்லபுரத்துத் தெருவில் ஒரு சிற்பப் பட்டறை. அதன் பின்னால் நின்ற மரம் நினைவுக்கு வந்தது. பட்டறைக்காரரின் மனைவி ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். கல்தூசி படிந்து இலை வெளுத்திருந்தது.

"மருந்து ஏதும் அடிச்சீங்களாக்கா?"

"அது பாட்டுக்கு வளருது. அதுக்கு இன்னாத்துக்கு மருந்து?"

பழைய முறையில் சுத்தம் செய்து பார்த்தோம். ஒரு பூச்சிமருந்துக்குரிய இடத்தில் கருவித் திரையின் கோடு சின்ன முகடாக எழுந்தது; மருந்து இருப்பதன் அடையாளம் அது. "அந்தம்மா மறந்திருப்பாங்க," என்றார் மேலாளர்.

மாலையில் அந்த அக்காவிடம் மறுபடி கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது? எம் பொண்ணு தெனம் அதத்தான் துன்னுகினு கீறா." பிறகு, "நெஜமாவே மருந்து கீதா?" என்றார்.

மறுநாள் அதே இலைச்சாற்றில் கறுப்புத் தூளைப் போட்டுக் குலுக்கி, சுழற்றும் எந்திரத்தில் சுழலவிட்டேன். தூள் அடியில் படிந்தது. மேலே நின்ற சாறு கிட்டத்தட்டத் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. சோதனைக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கருவியில் செலுத்தியபோது முகட்டைக் காணோம்.

உடனே சந்தேகம் வந்தது. பச்சையை விழுங்கிய தூள் மருந்தையும் விழுங்கியிருந்தால்? அதே இலையின் இன்னொரு பங்கில் அந்த மருந்தை நானே கொஞ்சம் கலந்து, அதே தூளால் சுத்தம் செய்தேன். இப்போது முகடு ஏறக்குறைய முழு உயரத்துக்கு எழுந்தது. தூள் மருந்தை விட்டுவைத்திருக்கிறது. பழைய முறையில் பார்த்த முகடு இலையின் சொந்தச் சரக்கு. எல்லா மருந்துக்கும் இது பொருந்தவில்லை. தட்டையான மூலக்கூறு கொண்ட சிலவற்றைத் தூள் பிடித்துக்கொண்டது. அதைப் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின.

அன்று மாலை, "உங்க எலை சுத்தமா இருக்குக்கா," என்றேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று சிரித்தார். பிறகு யோசனையோடு, "அப்ப கடையில வாங்குற கத்திரிக்காயில?" என்றார்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது ஒரு பையோடு வாசலில் நின்றார். கடையில் வாங்கிய கத்திரிக்காயும் வெண்டைக்காயும் இருந்தன; சோதித்துச் சொல்லச் சொன்னார். மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு, பளபளக்கும் இந்தத் தோலுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்தபடியே பஸ்ஸில் போனேன்.