நெரீடாவின் பதினான்கு கிலோமீட்டர்

எங்கள் டன்பார் க்ரீக்கில் நெரீடா பைபஸுக்குப் 'பொணம் எண்ணி' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவள் நான்தான், மறைப்பானேன். பெட்ரோல், தபால், ரொட்டி, தூண்டில் முள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்து விற்கிறவளுக்கு வாய் கொஞ்சம் நீண்டுதான் போகும்.

அவள் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகள் பதினொன்றாகக் குறைந்ததும் பள்ளியை மூடினார்கள், பேருந்தும் நின்றது. புருஷன் அதற்கும் முன்பே சுரங்க வேலைக்கென்று டாஸ்மேனியாவை விட்டுப் போனவன், போன இடத்திலேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். மகள் பெர்த்தில். அங்கிருந்து இங்கே வர ஒரு நாள் பிடிக்கும், வராமல் இருக்க ஒரு நொடி போதும்.

பல்கலைக்கழகத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து என் கடைப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினாள். கடற்கரைச் சாலையில் இரவு வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகளைத் தினமும் விடிந்ததும் எண்ண ஆள் வேண்டும். ஊரே அந்தச் சீட்டைப் படித்துச் சிரித்தது. நெரீடா மட்டும் அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினான்கு கிலோமீட்டர். முதல் ஏழில் சாலையோரம் கம்பங்கள் நட்டிருந்தார்கள். இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் கம்பம் கீச்சென்று கத்தி, காட்டுப் பக்கம் நீல ஒளி அடிக்கும். குறுக்கே பாயவிருந்த விலங்கு நின்றுவிடும் என்பது எண்ணம். அடுத்த ஏழு கிலோமீட்டர் சும்மா. இரண்டையும் ஒப்பிட்டால் கம்பத்தால் புண்ணியம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் நெரீடா.

வாலபி என்கிற சின்ன ஜாதிக் கங்காருவோ, மரமேறும் பாஸம் என்ற விலங்கோ, எது கிடந்தாலும் அவள் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். எந்த இடம், என்ன விலங்கு என்று எழுத வேண்டும். பெட்டையாக இருந்தால் வயிற்றுப் பைக்குள் கைவிட்டுக் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்தது டாஸ்மேனியன் டெவில் என்கிற கறுத்த சின்ன ஊனுண்ணியாக இருந்தால் முகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெவில்களைக் கொல்கிற அந்தக் கட்டி நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற கணக்கு வேறொரு மேசைக்குப் போகும். எல்லாம் முடிந்து ஓரமாக இழுத்துப் போட்டு, இன்னொரு முறை எண்ணிவிடாமலிருக்க, முதுகில் ரோஜா நிறப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி. மழையிலும் எண்ணினாள், கிறிஸ்துமஸ் அன்றும் எண்ணினாள். திரும்பும்போது என் கடையில் ஒரு தேநீர். அன்று முழுக்க அவள் பேசுவது அந்தத் தேநீர் ஆறுகிற வரைக்கும்தான்.

மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து ஆறாவது வரை ஒரு பக்கம் பெவன் ஹிங்ஸ்டனின் மாட்டுப் பண்ணை. எழுபது வயது, பெண்சாதி போய்ச் சேர்ந்தாயிற்று. மாடுகளோடு பேசுவார், மனிதர்களைப் பார்த்தால் தொப்பியைச் சரிசெய்வார். நெரீடாவின் வண்டி போகும்போது டிராக்டர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். எங்கள் பக்கத்தில் அதுதான் வணக்கம். அவளும் ஒரு விரல் தூக்குவாள். அத்தோடு சரி.

இரண்டாம் வருஷ முடிவில் கிர்ஸ்டன் துள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"நெரீடா, கம்பம் இருக்கிற பக்கம் பாதிக்குப் பாதி குறைஞ்சிருச்சு! மேற்கு ரோடு மொத்தத்துக்கும் நட்டுடலாம்னு அரசாங்கத்துல சொல்றாங்க. எல்லாம் உங்களாலதான்."

சொல்லிவிட்டு நெரீடாவைக் கட்டிக்கொண்டாள். நெரீடா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவளை ஒருவர் தொட்டு நான் பார்த்து ஐந்தாறு வருஷம் இருக்கும்.

கெட்டது ஒரு கடிகாரத்தால். ஏப்ரல் முதல் ஞாயிறு, கோடை நேரக் கணக்கு முடிகிறதென்று, நாங்கள் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவோம். நெரீடா இன்னமும் சாவி கொடுக்கிற அலாரத்தை வைத்திருப்பவள், தள்ள மறந்துவிட்டாள். ஒரு மணி நேரம் முன்னதாகவே சாலைக்கு வந்தாள். நாலாவது கிலோமீட்டர் வளைவில் பெவனின் நாலு சக்கர பைக் நிற்கிறது. அவர் ஒரு செத்த வாலபியை வாலைப் பிடித்துத் தம் வேலிக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க, பெவன்?"

அவர் வாலை விடவில்லை. "ஒண்ணுமில்ல. மாட்டை ஓட்டப் போற வழியில, அப்பிடியே ஓரமாப் போடறேன்."

"எத்தனை நாளா?"

"போன மே மாசத்துலேருந்து."

"ஏன்?"

தொப்பியைச் சரிசெய்தார். "அன்னிக்கு நீ இந்த வளைவுல வண்டிய நிறுத்திட்டு, செத்துக் கெடந்த வாலபி பக்கத்துல ரோட்டுலயே உக்காந்து அழுதியே. தொழுவத்துலேருந்து பாத்தேன். இந்தப் பொம்பளைக்கு எதுக்கு தினம் இந்தக் கண்றாவின்னு தோணிச்சு. என் வேலி பக்கம் கெடக்குறதையாவது நீ பாக்க வேணாம்னுதான்."

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"எண்ணல. எண்ணியிருந்தா செஞ்சிருக்க முடியாது."

இதையெல்லாம் அவள் என் கடையில் சொன்னபோது தேநீர் தொடாமலே ஆறிப்போயிருந்தது. நான் முதலில் ஒன்று கேட்டேன்.

"அந்த மே மாசம் வாலபிக்காகவா அழுத?"

"இல்ல, டொரீன். அந்த வளைவுலதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அன்னையர் தினத்துக்கு வர்றேன்னு சொன்ன மக, வரலன்னு எழுதியிருந்தா. வாலபி பாவம், அது பாட்டுக்குக் கெடந்துச்சு."

"அவர்கிட்ட அதைச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? பதினோரு மாசம் எனக்காகக் குனிஞ்ச முதுகு."

பெவனின் வேலி கம்பம் நட்ட பக்கம்; அங்கே சாவு குறைந்தது கம்பத்தாலா அவராலா என்று இனி யாருக்கும் தெரியாது. நான் அவளுக்குப் புத்தி சொன்னேன்; கெட்ட புத்திதான், ஒத்துக்கொள்கிறேன். "வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருடி. அந்தப் பொண்ணுக்குப் பேர், அரசாங்கத்துக்குக் கம்பம், உனக்கு வேலை. யாருக்கு என்ன நஷ்டம்?"

"கம்பத்துல ஒண்ணுமில்லன்னா? எல்லா ரோட்டுலயும் அதை நட்டுட்டு நம்ம கடமை முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. அதுங்க பாட்டுக்குச் செத்துக்கிட்டே இருக்கும். அப்போ எண்ணக்கூட ஆள் இருக்காது."

ஒன்பது நாள் அவள் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் நாலாவது வளைவு சுத்தமாகத்தான் இருந்தது. நிறுத்தச் சொல்லி அவளும் கேட்கவில்லை, நிறுத்தட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சாலையில் ஒன்றுமே கிடக்காத அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுவாளாம். காலையில் தனக்காக ஒருவர் எழுந்து வந்து போயிருக்கிறார் என்று அதைப் பார்த்தால் தெரியுமாம். இதை அவள் சொன்னபோது எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பத்தாம் நாள் என் கடைத் தொலைபேசியிலிருந்தே கிர்ஸ்டனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க" என்ற குரல் எனக்கே கேட்டது. அந்தக் குரலில் துள்ளல் இல்லை. நெரீடா அங்கிருந்து நேரே பண்ணைக்குப் போய் பெவனிடமும் சொன்னாள்.

"நீங்க எடுத்துப் போட்டதால கணக்கு தப்பாயிடுச்சு, பெவன். இனிமே வேணாம்."

அந்த மனிதர் காதுவரை சிவந்துபோனாராம். "நல்லது பண்றேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் அந்த மூன்று கிலோமீட்டரில் ஏழு கிடந்தன. அவள் ஏழையும் எண்ணினாள், குறி போட்டாள். டிராக்டர் தூரத்தில் நின்றது, விரல் எழவில்லை. அவள் ஒரு ஆப்பிள் கேக் செய்து அவர் வீட்டு வாசலில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். தட்டைக் கழுவித் துடைத்து, அவள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் என் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும் தெரியாமல் நல்லது செய்யத்தான் அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு மைல் தூரத்தில் இரண்டு தனி ஜீவன்கள். நடுவில் புகுந்து ஏதாவது செய்யலாமென்று நானும் வாயைத் திறந்து பார்த்தேன். அந்த விஷயத்தில் என் வாய் எதற்கும் உதவவில்லை.

அடுத்த மார்ச்சில் ஆய்வறிக்கை தபாலில் வந்தது. தடித்த உறை. அவள் அதை என் மேசையிலேயே பிரித்தாள். எங்கள் சாலையில் கம்பங்களால் பயன் இருந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இப்போதைக்கு மற்ற சாலைகளில் நட வேண்டாம், வேறு வழி தேட வேண்டும் என்று முடித்திருந்தார்கள். அவள் நினைத்தது நடந்துவிட்டது. வேலையும் அந்த மாதத்தோடு முடிந்தது.

"என்னடி தேடற? உன் பேர் கடைசிப் பக்கத்துல இருக்கு பாரு" என்றேன்.

அவள் நடுப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தாள். "மூன்றாவது முதல் ஆறாவது கிலோமீட்டர் வரையிலான பதினோரு மாதத் தரவுகள், மனிதத் தலையீடு காரணமாக நீக்கப்பட்டன."

அறிக்கையை மூடி உறைக்குள் திரும்ப வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல என் வாழ்க்கையில ஒரு மனுஷன் தலையிட்டது அது ஒண்ணுதான், டொரீன்" என்றாள். "அதையும் நீக்கிட்டாங்க. நான்தான் நீக்கச் சொன்னேன்."